கார் சக்கரத்தில் சிக்கும் காற்று: எதைத் திரும்ப மாட்டுவது, எதைக் கழற்றுவது, எதைத் தொடக் கூடாது

புதுச்சேரி–திண்டிவனம் நாலு வழிச் சாலையில் 90-ல் போகும்போது, காற்றைக் கிழித்துக்கொண்டு போக உங்கள் கார் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு நாலு சக்கரங்களிலும் அவை உட்கார்ந்திருக்கும் குழிகளிலுமே போய்விடுகிறது. பானட், கண்ணாடி, கூரை எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்கள் இழைத்து இழைத்து வழவழப்பாக்கிவிட்டார்கள். சக்கரம் அப்படி இல்லை. அது சுற்றியாக வேண்டும், திரும்பியாக வேண்டும், குழியில் இறங்கி ஏறியாக வேண்டும், பிரேக் சூட்டையும் வெளியே விட வேண்டும். அதனால்தான் அங்கே மட்டும் நம் கை வைக்க இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது.

ஆனால் இது எல்லோருக்கும் இல்லை. முதலியார்பேட்டையில் கிளம்பி முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம் என்று ஊர்ந்துகொண்டே கடலூர் போய்த் திரும்புகிறவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. ஒரு சாதாரண ஹேட்ச்பேக்குக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30-ல் காற்று பின்னால் இழுக்கும் விசை 3 கிலோ எடைக்குக்கூட வராது, 60-ல் 11 கிலோ வாக்கில், 90-ல் 25 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. டயர் தரையில் உருளுவதால் வரும் தடை மட்டும் எந்த வேகத்திலும் 10, 11 கிலோ என்று பெரிய மாற்றமில்லாமல் நிற்கும். ஆக 60 தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழேயே ஓட்டுகிறவர் வாரம் ஒரு தடவை டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும், மீதியைப் படிக்கத் தேவையில்லை.

மாதத்தில் பல தடவை ஈசிஆரிலோ திண்டிவனம் வழியாகவோ சென்னை போகிறவர், கடலூரிலிருந்து சிதம்பரம் தாண்டி தெற்கே இறங்குகிறவர், இவர்களுக்குத்தான் இது. அவர்களுக்கும் எவ்வளவு மிச்சம் என்றால், கீழே சொல்வதையெல்லாம் செய்து காற்றுத்தடை நூற்றுக்கு 5 குறைந்தது என்றே வைத்துக்கொண்டாலும், 20 மைலேஜ் தரும் வண்டியில் நெடுஞ்சாலையில் 1,000 கி.மீ. ஓட்டினால் ஒரு லிட்டர், மிஞ்சினால் ஒன்றேகால் லிட்டர். கடலூர்க்காரர் முள்ளோடை எல்லையைத் தாண்டி வந்து, விலை குறைவான புதுச்சேரி பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு போனால் அதைவிட அதிகமாக மிச்சம் பிடித்துவிடுவார். ஆகவே ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்யும் வேலை இல்லை இது. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சில நூறு ரூபாயும் போதும்.

காற்று எங்கே சிக்குகிறது

90-ல் போகும் காரில் டயர் தரையைத் தொடும் புள்ளி அசையாமல் நிற்கிறது, டயரின் உச்சி 180-ல் முன்னால் பாய்கிறது. அந்த உச்சிப் பகுதியை மட்கார்டு மூடிவிடுவதால் தப்பித்தோம். கீழே மூடாமல் தெரியும் பகுதியில்தான் பிரச்சினை. பம்பர் முனையில் பிரிந்து வரும் காற்று நேராக வராமல் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து முன் டயரில் மோதுகிறது. டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும் காற்று இரண்டு பக்கமும் பீய்ச்சிக்கொண்டு வெளியே வருகிறது. சக்கரக் குழிக்குள் புகுந்த காற்று ஸ்போக் இடைவெளி வழியாகத் துப்பப்படுகிறது. எல்லாமும் சேர்ந்து முன் சக்கரத்துக்குப் பின்னால், கதவை ஒட்டி, குழம்பிய காற்றாகப் பின்னால் வரை இழுபடுகிறது.

இதைப் பார்க்கக் கருவியே வேண்டாம். நல்ல மழையில் பாகூர் பக்கம் ஒரு சுற்று, பிறகு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம், வீட்டுக்கு வந்து கழுவாமல் அப்படியே நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. முன் சக்கரத்துக்குப் பின்னால் சேறு விசிறி மாதிரி விரிந்து, கதவின் கீழ்ப்பாதி வரை ஏறி, பின் சக்கரத்துக்குப் போகப் போக மங்கியிருக்கும். அந்த விசிறியின் அகலம்தான் முன் சக்கரம் கலைத்துவிட்ட காற்றின் அகலம். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் அதே மாதிரி இன்னொரு மழையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் ஊரில் இன்னொரு சமாச்சாரமும் இருக்கிறது, கடல்காற்று. மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று, வடக்கு தெற்காக ஓடும் ஈசிஆரில் நமக்குப் பக்கவாட்டில் வருகிறது. நீங்கள் 80-ல் போகும்போது குறுக்கே 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், காருக்கு அது நேர் எதிரிலிருந்து வருவதாக இருக்காது, 14 டிகிரி சாய்ந்து வரும். அப்போது கடல் பக்கத்துச் சக்கரங்களின் ஸ்போக் இடைவெளிக்குள் காற்று நேராகவே புகுந்துகொள்ளும். வெளிநாட்டுப் புத்தகக் கணக்கில் சக்கர மூடிக்குச் சொல்லும் பலனைவிடக் கடற்கரைச் சாலையில் கொஞ்சம் கூடுதலாகவே எதிர்பார்க்கலாம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

முதலில் விழுந்துபோனதைத் தேடுங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். பல கார்களில் முன் டயருக்குச் சற்று முன்னால், பம்பருக்குக் கீழே, டயர் அகலத்துக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் அல்லது ரப்பர் மடிப்பு தொங்கும். அடியில் வரும் காற்று டயரில் முட்டாமல் அதைச் சுற்றிப் போகட்டும் என்று கம்பெனியே வைத்தது அது. இரண்டு வருடம் நம் ஊர் வேகத்தடைகளில் ஏறி இறங்கிய வண்டியில் ஒரு பக்கத்து மடிப்பாவது கிழிந்தோ காணாமலோ இருக்கும். அடுத்து மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர். கிளிப் கழன்று ஒரு ஓரம் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தட்டிப் பாருங்கள். மூன்றாவது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் கவர். ஆயில் மாற்றும்போது கழற்றியதை ஒன்பது ஸ்க்ரூவுக்கு நாலு மட்டும் போட்டு மாட்டியிருப்பார்கள், சில இடங்களில் மாட்டாமலேயே அனுப்பிவிடுவார்கள். அது இல்லாவிட்டால் அடியில் வரும் காற்று இன்ஜின் அறைக்குள் புகுந்து சக்கரக் குழி வழியாக வெளியேறும், சக்கரத்தைச் சுற்றி நீங்கள் அடுத்துச் செய்யும் எந்த வேலையும் பாதிப் பலன்தான் தரும்.

கிளிப்கள் உதிரிபாகக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், பழைய கிளிப் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், துளை அளவு வண்டிக்கு வண்டி மாறும். என்னைக் கேட்டால் இந்த ஒரு பத்தியில் சொன்னதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிறவரும் புத்திசாலிதான்.

அப்புறம், சேர்த்ததைக் கழற்றுவது

வீல் ஸ்பேசர் போட்டு சக்கரத்தை வெளியே தள்ளியிருந்தால் கழற்றுங்கள். டயர் மட்கார்டை விட்டு ஒரு விரல் வெளியே வந்தாலும் மேலே ஒட்டி வந்த காற்று முழுவதும் அதில் இடித்துச் சிதறும். பேரிங்குக்கும் அது கெடுதல். மட்ஃப்ளாப்பைப் பொறுத்தவரை கழற்றி எறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசி கார்த்திகையில் உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் முகத்தில் சேறு அடிக்கும். அகலத்தை மட்டும் டயர் அகலத்துக்கு வெட்டிவிடுங்கள். பெரிய எழுத்தில் பெயர் போட்ட, இரண்டு பக்கமும் கொடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அகல ஃப்ளாப்தான் சும்மா காற்றைப் பிடிக்கிறது.

டயர் அகலம் பெரிய விஷயம், அதே சமயம் டயர் தேய்ந்து மாற்றும் நேரத்தில் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். அகல டயர் கெத்தாக இருக்கும், சரி, ஆனால் அந்த அகலம் அப்படியே காற்றுக்கு முன்னால் நிற்கிறது. ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் மாடலில் 165/80 ஆர்14, மேல் மாடலில் 185/65 ஆர்15 என்று வந்தது (முதல் எண்தான் டயரின் அகலம், மி.மீ.-யில்). இரண்டின் மொத்த உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 62 செ.மீ., அகலத்தில் மட்டும் 20 மி.மீ. வித்தியாசம். உங்கள் வண்டியின் கையேட்டிலோ ஓட்டுநர் கதவு ஓர ஸ்டிக்கரிலோ கம்பெனி அனுமதித்திருக்கும் அளவுகளில் ஒல்லியானதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு வெளியே போய் இன்னும் ஒல்லியாக்க வேண்டாம், நனைந்த ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது அந்த அகலம் வேண்டும்.

வீல் கப் வேலை

இதுதான் கையால் செய்ய நன்றாக இருக்கும் பகுதி. அமெரிக்காவில் போன்வில் உப்புத் திடலில் வேகப்பந்தயம் ஓட்டுகிறவர்கள் பல காலமாகவே தட்டையான அலுமினியத் தட்டுகளைச் சக்கரத்தில் மாட்டி ஓட்டினார்கள். டொயோட்டா பிரியஸில் நல்ல அலாய் வீலுக்கு மேலேயே பிளாஸ்டிக் மூடி போட்டு விற்றார்கள், டெஸ்லா மாடல் 3-லும் அதே கதை, மூடியைக் கழற்றினால் உள்ளே அழகான அலாய் இருக்கும். வேலை செய்யாத பொருளாக இருந்தால் அவர்கள் அழகை மறைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்டீல் ரிம் இருக்கிறவர்களுக்கு வேலை சுலபம். கடையில் இருக்கும் வீல் கப்களில் ஆகத் தட்டையானதை, வெளியே புடைக்காததை எடுங்கள், பொய் ஸ்போக் நிறைய இருப்பதை வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் இருக்கும் இடைவெளிகளை உள்பக்கமிருந்து ஒன்றரை மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் வைத்து மூட வேண்டும். போர்டு எழுதும் கடைகளில் துண்டு ஷீட் கிடைக்கும், எடைக்கே கொடுப்பார்கள். எல்லா இடைவெளியையும் மூட வேண்டாம். விளிம்பை ஒட்டிய வெளி வட்டத்தை மூடுவதில்தான் பலன் அதிகம், நடுவில் நட்டுகளைச் சுற்றி இருக்கும் இடைவெளியை விட்டுவிட்டால் காற்றுக்குப் பெரிய நஷ்டமில்லை, பிரேக்குக்கு லாபம். முன் சக்கரத்தில் கட்டாயம் அப்படி விடுங்கள், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் டிஸ்க்குக்குத்தான் போகிறது. பின்னால் டிரம் பிரேக் என்றால் முழுவதும் மூடலாம்.

அளவெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 14 இஞ்ச் ரிம் என்றால் டயர் உட்காரும் இடம்தான் 14 இஞ்ச், வெளி விளிம்பு 39 செ.மீ. வாக்கில் வரும். பழைய காலண்டர் அட்டையை வெட்டி விளிம்பில் வைத்துப் பார்த்து, பேலன்ஸ் பண்ண ஒட்டியிருக்கும் ஈயத் துண்டுகளில் இடிக்காமல் உட்கார்ந்த பிறகு ஷீட்டில் கை வையுங்கள். வால்வுக்குத் துளை, அடியில் தண்ணீர் வடிய விளிம்போரம் மூன்று நாலு சின்னத் துளைகள் சம இடைவெளியில். நாலு கவரும் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்பதைவிட ஒவ்வொரு கவரும் தனக்குள் சமமாக இருப்பது முக்கியம். நடுவில் ஒரு பென்சில் முனையில் நிறுத்திப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

ஸ்க்ரூ, வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். காலாப்பட்டிலோ கடலூர் பழைய நகரத்திலோ சாதா ஸ்க்ரூ போட்டால் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தலை உடைந்துவிடும், கழற்ற முடியாமல் டிரில் போட வேண்டிவரும். கவரின் சொந்தக் கிளிப்பை மட்டும் நம்ப வேண்டாம். எதிரெதிரே இரண்டு இடங்களில், கறுப்பு கேபிள் டையை ரிம் துளை வழியாக விட்டுக் கட்டிவிடுங்கள். 90-ல் கழன்ற கவர் உருண்டு போய்ப் பக்கத்து பைக்கின் குறுக்கே விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஷீட்டை வீல் நட்டுக்கு அடியில் வைத்து நெருக்குவது என்று ஒரு வழி சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நட்டு ரிம்மில் நேரடியாக உட்கார வேண்டும், நடுவில் பிளாஸ்டிக்கோ தகடோ வந்தால் அது நசுங்க நசுங்க நட்டு தளரும். அலாய் வீலில் துளை போடுவதும் அதே ரகம், விரிசல் எங்கே தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. அலாய்க்காரர்கள் ஸ்போக் இடைவெளிக்கு ஏற்ற துண்டுகளை வெட்டிக் கேபிள் டையில் கட்டலாம், அழகாக இருக்காது.

மாட்டிய பிறகு ஒரு நாள் பழைய மாதிரி, ஒரு நாள் கவருடன், ஒரே வழியில் ஓட்டி நிறுத்தியதும் முன் டிஸ்க் சூட்டை அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் நடுத் துளைகளைப் பெரிதாக்குங்கள். ஏற்காடு, ஏலகிரி என்று மலைக்குப் போவதாக இருந்தால் முன் இரண்டையும் கழற்றி டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள். இறக்கத்தில் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும் ஆபத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கால் லிட்டர் பெட்ரோல் ஒன்றுமே இல்லை.

டயருக்கு முன்னால் தடுப்பு

கம்பெனி மடிப்பு கிழிந்திருந்தால் அதே பாகத்தை வாங்கி மாட்டுவது நல்லது. உங்கள் வண்டியில் அது வரவே இல்லை என்றால் லாரிக் கடையில் விற்கும் மட்ஃப்ளாப் ரப்பரில் செய்யலாம். அகலம் டயர் அகலம், கீழே தொங்கும் உயரம் 4 செ.மீ.-யில் தொடங்குங்கள், டயருக்கு ஒரு சாண் முன்னால் லைனரின் கீழ் விளிம்பில் ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூ துளைகளில் மாட்டுங்கள். உயரம் கூடினால் பலன் கூடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு அளவுக்கு மேல் போனால் டயரிலிருந்து மிச்சம் பிடித்ததைத் தடுப்பே தின்றுவிடும். மாட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, பின் சீட்டில் ஆளை ஏற்றி, பம்பரை அமுக்கி ஆட்டி, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தகடு வைக்காதீர்கள், வேகத்தடையில் இடித்தால் ரப்பர் மடிந்து நிமிரும், தகடு மடிந்து டயரைக் கிழிக்கும்.

பின் சக்கரத்தை முழுவதும் மூடும் பாவாடை பற்றிக் கேட்பார்கள். 1996-ல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் இவி1, 1999-ல் வந்த ஹோண்டா இன்சைட் இரண்டிலும் அது உண்டு, இவி1-ன் காற்றுத்தடைக் குணகம் (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண், குறைவாக இருந்தால் நல்லது) 0.19 வரை இறங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. நம் தினசரி வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பஞ்சர் ஆனால் கழற்றணும், மழையில் உள்ளே சேறு அடையும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடிக்கும். ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு சொல்வதால் சோதனையில் கேள்வியும் வரலாம். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவதும் வேண்டாம். காற்றுத்தடை குறையும் என்பது உண்மைதான், அடுத்த வேகத்தடையில் அடிப்பாகமும் போகும்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

மைலேஜ் மீட்டரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஏசி, காற்று, முன்னால் போகும் லாரி, இவை எல்லாம் நூற்றுக்கு 2 வித்தியாசத்தை விழுங்கிவிடும். நேர்மையாகச் சொன்னால் நியூட்ரலில் உருளவிட்டுப் பார்க்கும் சோதனையிலும் வீல் கப் மட்டும் மாற்றியது தெரியாது. 90-லிருந்து 60-க்கு இறங்க ஹேட்ச்பேக்குக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், கவர் போட்டால் கூடும் நேரம் அரை விநாடிகூட இருக்காது, உங்கள் விரல் ஸ்டாப்வாட்சை அமுக்கும் தாமதமே அவ்வளவு இருக்கும். ஆகவே எல்லா வேலையும் முடிந்த பிறகு மொத்தமாகச் சோதியுங்கள், ஒரே நீளச் சாலையில் போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று பல ஜோடிகள் எடுத்துச் சராசரி போடுங்கள். விடிந்ததும் கடல்காற்று எழும்புவதற்கு முன்னால், டயர் சூடேறிய பிறகு, டேங்கில் அதே அளவு பெட்ரோலோடு. பின்னால் வண்டி வந்தால் விட்டுவிடுங்கள். இன்ஜினை அணைக்கவே கூடாது, பவர் ஸ்டியரிங்கும் பிரேக் உதவியும் சேர்ந்து போய்விடும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் வழி உல்லன் நூல். ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, முன் சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டிலும் கதவிலும் வரிசையாக டேப்பில் ஒட்டுங்கள். பக்கத்து லேனில் இன்னொரு காரில் நண்பர் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் உட்கார்ந்து போனில் வீடியோ எடுக்கட்டும். நூல் நேராகப் பின்னோக்கிப் படிந்திருந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது, துடித்துக்கொண்டோ முன்னோக்கித் திரும்பியோ நின்றால் அங்கே கலைந்திருக்கிறது. கவருக்கு முன்னும் பின்னும் எடுத்த வீடியோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினால் துடிக்கும் நூல்கள் எத்தனை குறைந்தன என்று எண்ணலாம்.

கவர் போட்ட வண்டியைக் கழுவும்போது மாதம் ஒரு தடவை கழற்றி உள்ளே தண்ணீர் அடியுங்கள். சேறு ஒரு பக்கமாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டால் 80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும், பேலன்ஸ் போய்விட்டது என்று கடைக்கு ஓடுவீர்கள். வெயிலிலும் உப்புக் காற்றிலும் கேபிள் டை சுக்காகக் காய்ந்துவிடும், வளைத்துப் பார்த்து வெளுத்தாலோ கீறல் விட்டாலோ மாற்றிவிடுங்கள். பஞ்சர் கடைக்காரர் டையை வெட்டிவிட்டு வெறும் கிளிப்பில் மாட்டிக் கொடுத்துவிடுவார், அதனால் டிக்கியில் ஒரு கட்டு டை எப்போதும் இருக்கட்டும்.